கயிறு யார் கையில்?

 

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன தொழில் அது. கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்குபவர், தோணியில் கயிறு பிடிப்பவரை நம்பித்தான் இறங்குவார். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். பிடிப்பவர் அயர்ந்தால் உயிர் போய்விடும்.

இன்று நம் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பில் இறக்கி விடுகிறோம். அவர்களின் கயிறு யார் கையில் இருக்கிறது?

காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களில் வாப்பாமார்கள் சென்னை, கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று சபர் போய்விடுகிறார்கள். பணம் தவறாமல் வருகிறது. கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் மட்டும் என்ன செய்கிறோம்? இரவு எத்தனை மணியானாலும் கடைக் கணக்கைப் பார்க்காமல் படுக்காத முதலாளி, மகனின் கணக்கு நோட்டை ஒரு நாளாவது புரட்டியதுண்டா?

"அரசுப் பள்ளியில் கழிவறை சரியில்லை, ஆசிரியர் போதவில்லை" என்று தெருமுனையில் நின்று பேசுகிறோம். பேச வேண்டிய இடத்தில் நம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது! 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்குத் தருகிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இக்குழுவின் வேலை. தமிழகத்தில் 2022-லும் 2024-லும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அதில் நம் தாய்மார்கள் எத்தனை பேர்?

"பெண்கள் கூட்டத்துக்குப் போவதா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாங்கள் மார்க்கம் கற்க ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மறுக்காமல் ஒதுக்கித் தந்தார்கள். கல்யாண வீட்டுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகும் உம்மா, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் மட்டும் குற்றமா? வாப்பா கடல் கடந்திருக்கும் வீட்டில் கயிறு உம்மாவின் கையில்தானே இருக்கிறது!

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் என்ன? நம் சமுதாயப் பள்ளிகளின் தாளாளர்களே, பெற்றோரை அழைத்து உட்கார வைத்துப் பேச உங்களைத் தடுப்பது யார்?

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவின் தொடக்கப் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரியுங்கள். அதை ஜும்ஆவில் அறிவிக்கச் செய்யுங்கள். தாய்மார்களை அனுப்பி வையுங்கள். சபரில் இருக்கும் சகோதரர்களே! போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டதோடு வைத்துவிடாதீர்கள். "இன்று படித்ததை வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறானா என்பது கடல் கடந்தும் காதில் விழும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மறுமையில் அதுபற்றி விசாரிக்கப்படுவது பள்ளிக்கூடம் அல்ல, நாம்தான். கயிற்றை விடாமல் பிடிக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!