பூ தெரிகிறது, அதன் பின்னுள்ள ஆண்டுகள் தெரிகின்றனவா?

சீனப் புத்தாண்டுக் காலத்தில் அண்டை வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆழமில்லாத கிண்ணம், கொஞ்சம் கூழாங்கல், தண்ணீர். அதில் வெங்காயம் போன்ற குமிழிலிருந்து எழுந்து நிற்கும் வெள்ளை நார்சிசஸ். சில வாரங்களிலேயே பூத்துவிடும். அதனால் குமிழ்ச் செடிகள் எல்லாம் விரைவில் பூப்பவை என்று எண்ணிவிடுகிறோம். காட்டில் நிலைமை வேறு.

நார்சிசஸ் இனத்தின் தாயகம் மத்தியதரைக் கடல் வட்டாரம். அங்கே கோடை வறண்டது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். எனவே அங்குள்ள குமிழ்ச் செடிகளில் பல, மழை தொடங்கியதும் துளிர்த்து, இலைகள் தயாரிக்கும் உணவைக் குமிழில் சேமித்து, கோடையில் மண்ணுக்குள் உறங்குகின்றன. கடல் வெங்காயம் என்ற செடியோ, இலையே இல்லாத கோடை இறுதியில் சேமிப்பை மட்டும் நம்பி ஒரு மீட்டருக்கும் உயரமான பூந்தண்டை எழுப்புகிறது.

இவை இரு வழிகளில் பெருகுகின்றன. தாய்க் குமிழின் பக்கத்தில் சேய்க் குமிழ்கள் தோன்றுவது ஒன்று. இது விரைவானது, ஆனால் சேய் தாயின் நகல். மற்றது விதை. விதையில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் புதிய மரபணுச் சேர்க்கை. புதிய நோயையோ மாறும் மழையையோ தாங்கும் செடி அவற்றிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் காட்டுத் துலிப் விதையிலிருந்து பூக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை ஆண்டுக்கு ஒற்றை இலைதான். நம் கிண்ணத்து நார்சிசஸ் விதையே தருவதில்லை. மனிதர் பிரித்து நட்டால்தான் அது பெருகும்.

1980களில் துருக்கி மலைகளிலிருந்து ஸ்னோடிராப் குமிழ்கள் மில்லியன் கணக்கில் தோண்டப்பட்டு ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போயின. வணிகர்கள் விரும்புவது பூக்கும் அளவுக்குப் பருத்த குமிழ்களை. அதாவது, விதை தரக்கூடிய செடிகளே முதலில் போகின்றன. மலையில் இளஞ்செடிகளின் இலைகள் பச்சையாகவே இருக்கும், விதைதான் இருக்காது. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

மலைவாழ் மக்களின் வருமானம் என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழுத் தடை அதற்குப் பதில் அல்ல. இன்று ஸ்னோடிராப் வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில், ஆண்டு ஒதுக்கீட்டுடன் நடக்கிறது. கிராமத்தாரே குமிழ்களைத் தோட்டத்தில் வளர்த்து விற்கும் முயற்சிகளும் உண்டு. வருமானமும் காடும் சேர்ந்து நிலைக்க அதுவே சரியான பாதை என்பது என் கருத்து.

இதில் நமக்கும் பங்கு உண்டு. இணையத்தில் அரிய செடியொன்றைக் கண்டதும் விலையை மட்டும் கேட்காதீர்கள். துலிப்போ, நம் காட்டு ஆர்கிட்டோ, குடுவைச் செடியோ, "வளர்த்ததா, தோண்டியதா?" என்றும் கேளுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையென்றால் வாங்காமல் விடுங்கள்.