உருக்கும் முன் விளிம்பைப் படியுங்கள்

கச்சிபௌலிக் கட்டிடங்களில் காவல் வேலை பார்க்கும் நம்மவர்களில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. பாட்டனார் காலந்தொட்டே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களும் உண்டு. ஆனால் ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய மெடல், பணமுடை வந்தால் வெள்ளிக் கடைத் தராசுக்குப் போய்விடுகிறது. இது சரியல்ல என்பதே என் கருத்து.

1914-18 யுத்தத்துக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியால் ஆனது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை வீரன். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். சிப்பாயின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். (மூட்டை சுமந்த கூலிப் படையினருக்கு அதே மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். பாகுபாடு அதிலுமா!)

மெசபடோமியாவில் மாண்டவர்களுக்கு 1929-ல் பஸ்ராவில் நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ, பட்டாளத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கு மட்டுமே. அப்படியானால் நம் ஆளின் பெயர் உலோகத்தில் நிற்பது அந்த மெடல் விளிம்பில்தானே? அதையும் உருக்கினால் என்ன மிஞ்சும்? பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி போன்ற பழைய பட்டாளங்களே கலைக்கப்பட்டுவிட்டன.

விற்றே தீர வேண்டுமென்றால், விளிம்பிலுள்ளதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; எழுத்து அழியும். டிஸ்சார்ஜ் காகிதங்களை மெடலோடு சேர்த்தே வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஆசை காட்டும் தரகரிடம் 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தைச் சொல்லுங்கள். நூறு வருடம் கடந்த சரித்திரப் பொருளைத் தனியார் வெளியே அனுப்ப முடியாது.