பி.ஏ. வரலாறு: சண்டை சிலபஸில், மாற்றம் கடிகாரத்தில்

கல்லூரி வரலாற்றுப் பாடம் செய்தியாவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: ஏதோ ஒன்றைச் சேர்த்தார்கள், அல்லது ஏதோ ஒன்றை நீக்கினார்கள். இரண்டு நாள் டிவி விவாதம், ஒரு வாரம் சமூக ஊடகச் சண்டை, அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் பி.ஏ. வரலாறு மாறியிருக்கும் விதம் இந்தச் சண்டைகளைவிடப் பெரியது. எந்த மன்னர் உள்ளே, எந்த மன்னர் வெளியே என்பதோடு, ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் அவர் என்ன செய்யப் பழகுகிறார் என்பதும் மாறியிருக்கிறது.

முதலில், சிலபஸை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே ஆள் இல்லை. கல்வி, 1976-ல் நிறைவேறிய 42-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பொதுப்பட்டியலில் இருக்கிறது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் மத்திய அரசிடம். அதன் கருவிதான் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் யுஜிசி. அது மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிடும். ஆனால் வகுப்பறைக்குப் போகும் சிலபஸை எழுதுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் துறையும் பாடத்திட்டக் குழுவும். அதற்கு ஒப்புதல் தருவது கல்விக் குழு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தன் சிலபஸைத் தானே வகுத்துக்கொள்ளலாம். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் கொடுப்பதைத்தான் நடத்த வேண்டும்.

அதாவது, பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் சிலபஸுக்கும் நடுவே பல படிகள். எந்தப் படியில் வேண்டுமானாலும் அரசியல் நுழையலாம்.

நுழைந்ததற்கு உதாரணம் இருக்கா?

நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழக வரலாறு ஹானர்ஸ் மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் ஏ.கே. ராமானுஜனின் ‘முந்நூறு ராமாயணங்கள்’ கட்டுரை இருந்தது. வால்மீகி, கம்பன், சமண மரபு, தாய்லாந்தின் ராமகீர்த்தி எனப் பல ராமகதைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பேசும் கட்டுரை அது. கம்பன் அகலிகை கதையை வால்மீகியிடமிருந்து எப்படி வேறுபடுத்திச் சொல்கிறார் என்பதும் அதில் வரும்.

2008-ல் அதை எதிர்த்துப் போராடியவர்கள் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருட்களை உடைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நால்வர் கொண்ட நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதில் மூவர் கட்டுரையில் தவறு ஏதும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும், இளங்கலை மாணவர்களுக்கு இதை நடத்துவது கடினம் என்றார். 2011 அக்டோபரில் கல்விக் குழு கட்டுரையை நீக்கியது. பெரும்பான்மை நிபுணர்கள் சொன்னது ஒன்று, நடந்தது வேறு.

‘பாரதம் என்ற கருத்து’ சர்ச்சை என்ன?

2021-ல் யுஜிசி பி.ஏ. வரலாற்றுக்கான புதிய கட்டமைப்பை வெளியிட்டது. முதல் தாளின் பெயரே ‘பாரதம் என்ற கருத்து’. வேதங்கள், உபநிடதங்கள், இதிகாசங்கள், சமண, பௌத்த இலக்கியம், புராணங்கள் எல்லாம் அதில் ‘இந்திய இலக்கியத்தின் பெருமை’ என்ற தலைப்பின் கீழ் வந்தன. ஆர்.எஸ். சர்மா, இர்ஃபான் ஹபீப் போன்றோரின் நீண்டகாலமாகப் படிக்கப்பட்டுவந்த நூல்கள் வாசிப்புப் பட்டியலில் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள்.

ஆதரித்தவர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. பழைய சிலபஸ் ஒரு குறிப்பிட்ட சிந்தனைப் பள்ளியின் பிடியில் இருந்தது, டெல்லியைச் சுற்றியே சுழன்றது என்றார்கள். டெல்லி மையப் பார்வை என்ற புகாரைத் தெற்கிலிருந்து பார்ப்பவர்கள் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் புகாருக்கு 200 வருஷ வேர் இருக்கிறது. ஜேம்ஸ் மில் 1817-ல் எழுதிய நூல் இந்திய வரலாற்றை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் காலங்கள் என்று மூன்றாக வெட்டியது. மில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பின்னால் வந்த சிலபஸ்கள் பெயரை மட்டும் பண்டைய, இடைக்கால, நவீன என்று மாற்றிக்கொண்டன. வெட்டிய இடம் பெரும்பாலும் அதேதான். 1206-ல் டெல்லி சுல்தானகத்தோடு ‘இடைக்காலம்’ தொடங்கினால், 985-ல் பட்டத்துக்கு வந்த ராஜராஜனை எங்கே வைப்பது? சோழர்கள் 1279 வரை இருந்தார்களே, பாதி இங்கே, பாதி அங்கேயா?

ஆகவே பழையதில் குறை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்யக் கூடுதல் பகுதிகளும் கூடுதல் சான்றுகளும் வேண்டும். ‘பெருமை’ என்று தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டால், மாணவர் ஆராய்வதற்கு என்ன மிச்சம்?

சரி, மணி நேரக் கணக்குக்கு வருவோம்

யாரும் தெருவில் இறங்கிப் போராடாத மாற்றம் இது. தேசிய கல்விக் கொள்கை 2020-க்குப் பிறகு, யுஜிசி 2022 டிசம்பரில் இளங்கலைப் படிப்புக்கான கிரெடிட் கட்டமைப்பை வெளியிட்டது. மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு வருட ஹானர்ஸுக்கு 160. ஒரு வருடத்தில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் டிப்ளமோ. முதல் ஆறு செமஸ்டரில் 75% எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி செய்யலாம்.

டெல்லி பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டிலேயே நான்கு வருட முறைக்கு மாறியது. முந்தைய முறையில் ஹானர்ஸ் மாணவர் மூன்று வருடத்தில் 14 மையத் தாள்கள் படித்தார். ஒவ்வொன்றுக்கும் வாரம் 5 விரிவுரை, 1 டுட்டோரியல். புதிய முறையில் அதே மூன்று வருடத்தில் 18 மையத் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் வாரம் 3 விரிவுரை, 1 டுட்டோரியல். ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தாளுக்கு 75 விரிவுரை இருந்த இடத்தில் இப்போது 45.

தாள் கூடியது, ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் நேரம் குறைந்தது. கூடவே மதிப்புக் கூட்டுப் பாடம், திறன் மேம்பாட்டுப் பாடம், மொழிப் பாடம் எனச் சின்னச் சின்ன 2 கிரெடிட் தாள்கள். முதல் செமஸ்டரின் 22 கிரெடிட்டில் மைய வரலாற்றுத் தாள்களுக்கு 12.

இதில் நல்லதே இல்லையா? இருக்கு. வேறு துறைப் பாடங்களை எடுக்கலாம். நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும் வாய்ப்பு முன்பு கிடையாது. ஆனால் அந்த நான்காம் ஆண்டுக்கு யாரால் இருக்க முடியும்? வீட்டில் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றால் மூன்றோடு முடித்துக்கொள்வார்கள். ஆராய்ச்சிப் பயிற்சி கடைசி ஆண்டுக்குத் தள்ளப்பட, அந்த ஆண்டு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருட பி.ஏ. தொடர்கிறது. அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்குள்ளேயே ஆராயும் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டிய பொறுப்பு இருக்கிறது.

நேரம் குறைஞ்சா அப்படி என்ன போயிடும்?

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் தேர்தல் நடத்தினான்’ என்ற ஃபார்வர்டு நம் எல்லோருக்கும் வந்திருக்கும். முதலாம் பராந்தகன் காலத்து, 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றன. குடவோலை முறையும் உண்மை.

45 விரிவுரையில் ஓடும் வகுப்பு இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். நேரம் உள்ள வகுப்பு கல்வெட்டையே மேசையில் வைக்கும். யார் நிற்கலாம்? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35 முதல் 70 வரை. வேத அறிவு வேண்டும். அது பிரம்மதேய ஊரின் சபை, பிராமணர்களுக்கானது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஒன்றை எடுப்பது வாக்கெடுப்பா, குலுக்கலா? பெண்களும் நிலமற்றவர்களும் எங்கே?

இந்தக் கேள்விகளால் உத்திரமேரூர் சிறுத்துவிடுவதில்லை. கணக்குக் காட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்ற விதியைப் படிக்கும்போது மரியாதை கூடத்தான் செய்யும். ஆனால் அது பெருமிதத்தோடு புரிதலும் சேர்ந்த மரியாதை.

கீழடியும் அப்படித்தான். அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் தந்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதம் தொல்லியல் துறை கேட்டது. நாம் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் நின்று பேசினோம். மண்ணடுக்கு என்றால் என்ன, ஒரு கரிமக் காலக்கணிப்பு எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று தெரிந்து பேசியவர்கள் எத்தனை பேர்?

ஐடி வேலையில் இருக்கும் எனக்கு இதில் என்ன?

தம்பி, தங்கை யாராவது வரலாறு எடுக்கலாமா என்று கேட்டால், ‘ஸ்கோப் இல்ல’ என்று சொல்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் சிலபஸைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அலகுக்கும் வாசிப்புப் பட்டியல் இருக்கிறதா? வரலாறு எழுதும் முறை பற்றித் தனித் தாள் உண்டா? ஒரே நிகழ்வு பற்றி முரண்படும் இரண்டு ஆசிரியர்களையாவது படிக்கச் சொல்கிறார்களா? கல்வெட்டு, ஆவணம், களப்பயணம் ஏதாவது இருக்கிறதா? தமிழ் வழியில் படிப்பவர்களுக்குத் தமிழில் நூல்கள் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றனவா?

இதற்கெல்லாம் ஆம் என்றால், யார் எந்த மன்னரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் அங்கே படிப்பவர் தப்பித்துவிடுவார். ஒரு கூற்றைப் பார்த்ததும் ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்கும். இல்லை என்றால், நமக்குப் பிடித்த சிலபஸாகவே இருந்தாலும், மூன்று வருடத்தில் அவர் கற்றது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இன்னொரு கதையாகவே இருக்கும்.