யார் தலையில் பழகுவது?

இதழியலில் எம்.ஏ. சேரட்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு மூத்த நிருபர்கள் பலர் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: “ரெண்டு வருஷத்த வீணாக்காத. களத்துக்கு வா, எல்லாம் தானா வந்துடும்.” எனக்கு இதில் உடன்பாடில்லை.

பாரதி எந்தக் கல்லூரியில் இதழியல் படித்தார் என்பார்கள். படிக்கவில்லைதான். ஆனால் 1904இல் அவர் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது மேலே ஜி. சுப்பிரமணிய ஐயர் இருந்தார்; பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகைக்கு வந்தவர். அந்தக் களத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். இன்று பல செய்தி அறைகளில் பிழை திருத்தக்கூட ஆளில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரமே கையில் மைக்கைக் கொடுத்து நேரலைக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அங்கே யார் சொல்லித் தருவார்?

பட்டமில்லாமல் சாதித்தவர் என்று அமெரிக்கப் பத்திரிகை அதிபர் புலிட்சரையும் காட்டுவதுண்டு. இதழியல் பள்ளி தொடங்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 20 லட்சம் டாலர் ஒதுக்கியவரே அவர்தான். அவர் இறந்த மறு ஆண்டு, 1912இல், பள்ளி திறந்தது.

“சட்டமெல்லாம் போகப் போகத் தெரியும்” என்பதைக் கேட்டால்தான் எனக்குப் பதறுகிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரை மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. இதை அறியாத நிருபர் பெயரை மறைத்துவிட்டு, தெருவையும் தகப்பனின் தொழிலையும் எழுதிவிடுவார். ஊருக்கு அது போதும். நிருபர் பாடம் கற்றுக்கொள்வார். அந்தக் குழந்தை மறுநாள் எந்த முகத்தோடு தெருவில் இறங்கும்?

சட்டம் தெரியாதவர் வீணாகப் பயப்படவும் செய்வார். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடவிருந்த நக்கீரன் இதழைச் சிறைத்துறை எச்சரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 1994இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை வகுப்பில் வரி வரியாகப் படித்து விவாதித்தவர், “போட்டுப் பாரு, உன்னை என்ன பண்றேன்னு” என்று ஓர் அதிகாரி போனில் மிரட்டினால் செய்தியைக் கீழே வைக்க மாட்டார்.

கட்டணம் பற்றிய குறை நியாயமானது. தொடக்கச் சம்பளத்தில் அடைக்க முடியாத கடனை வாங்கித் தனியார் நிறுவனத்தில் சேரும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் சென்னை, மதுரை காமராசர் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இதழியல் துறை இருக்கிறது. கட்டணம் கூடுதல் என்பதால் படிப்பே வீண் என்றாகிவிடாது.

ஏட்டுப் படிப்பாகவே முடிந்துபோகும் துறைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படிப்பும் களமும் சேர்ந்தே போக முடியும்: அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908இல் இதழியல் பள்ளி திறந்த அன்றே மாணவர்கள் உழைத்த நாளிதழும் வெளிவந்தது. ஆகவே சேரும் முன் அந்தத் துறைக்கு நேரில் போங்கள். மாணவர் இதழ் ஒழுங்காக வருகிறதா, மாணவர் எழுதியதைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்துகிற ஆசிரியர் இருக்கிறாரா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள்.