மகள்களுக்காக ஒரு குகை

படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் நாலைந்து வரி எழுத்து மட்டும்தான். ஆட்டக்காரர் ஒரு சிறிய செங்கல் கட்டடத்தின் முன் நிற்பதாக அது சொல்லும். மேற்கே போ, விளக்கை எடு என்று ஆங்கிலத்தில் ஓரிரு வார்த்தை தட்டினால் அடுத்த காட்சி விரியும். ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் அந்தப் புரோகிராம் பார்க்கும். இந்த எளிய 'அட்வென்ச்சர்' தான் கம்ப்யூட்டர் சாகச விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. அதன் பிறப்புக்குப் பின்னால் இருப்பது வியாபாரம் அல்ல, ஒரு குடும்பத்தின் பிரிவு.

எழுதியவர் வில் கிரவுதர். இன்டர்நெட்டின் மூதாதையான ஆர்பாநெட்டை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான போல்ட் பெரானெக் அண்ட் நியூமனில் புரோகிராமர். அவரும் மனைவி பாட்ரீஷியாவும் குகைப் பித்தர்கள். பூமிக்கடியில் தவழ்ந்து எடுத்துவந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்குவது தம்பதியின் பொழுதுபோக்கு. கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையும் பக்கத்து பிளின்ட் ரிட்ஜ் குகைகளும் ஒன்றுதான் என்று 1972இல் நிரூபித்த ஆறு பேர் குழுவில் பாட்ரீஷியாவும் ஒருவர்.

பிறகு விவாகரத்து. இரண்டு பெண் குழந்தைகளைப் பிரிந்த ஏக்கம் கிரவுதரை வாட்டியது. பழைய கூட்டாளிகளோடு குகைக்குப் போவதும் சங்கடமாகிவிட்டது. போக முடியாத குகையை 1975-76 வாக்கில் அவர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். குள்ளர்கள், கோடரி, மந்திரச் சொல் எல்லாம் கற்பனை. பாதைகள் மட்டும் நிஜக் குகையின் பாதைகள். கம்ப்யூட்டர் தெரியாத குழந்தைகளும் பயப்படாமல் ஆட வேண்டும் என்பதற்காகவே சாதாரணப் பேச்சு வார்த்தைகளைக் கட்டளைகளாக வைத்தார்.

அதை அவர் விற்கவில்லை. ஆர்பாநெட் வழியாக அது தானே ஊர் சுற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் டான் வுட்ஸ் கையில் ஒரு பிரதி சிக்கியது. எழுதியவரின் முகவரி தெரியாததால் நெட்வொர்க்கில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் 'கிரவுதர்' என்ற பெயருக்கு மெயில் அனுப்பினார். பதிலும் வந்தது, அனுமதியும் கிடைத்தது. வுட்ஸ் புதையல்களையும் புதிர்களையும் மதிப்பெண்ணையும் சேர்த்து 1977இல் வெளியிட்ட வடிவம்தான் உலகம் அறிந்தது. இதனால் கம்ப்யூட்டர் துறையே இரண்டு வாரம் பின்தங்கியது என்று அந்நாளில் ஒரு கிண்டல் உண்டு.

அதை ஆடித் தீர்த்த எம்.ஐ.டி. இளைஞர்கள் நால்வர் அதே 1977இல் 'சோர்க்' எழுதத் தொடங்கினார்கள். இரண்டு வார்த்தைக் கட்டளை போய், முழு வாக்கியமே புரிந்துகொள்ளும் விளையாட்டு அது. அவர்களில் சிலரும் சகாக்களும் 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் கம்பெனி, எழுத்தையே சரக்காக்கி விற்றது. எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸோடு சேர்ந்து 1984இல் அவரது நாவலையும் விளையாட்டாக்கியது. ஆனால் திரையில் படங்கள் வந்ததும் எழுத்துக்கு மவுசு குறைந்தது. 1986இல் ஆக்டிவிஷன் அதை வாங்கியது, 1989இல் மூடியது.

கிரவுதர் எழுதிய மூல வடிவம் தொலைந்தே போனதாகப் பலரும் நம்பினார்கள். 2005இல் அது ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் மாணவர் காலக் கோப்புகளின் பழைய சேமிப்பில் அகப்பட்டது. அமெரிக்கப் பேராசிரியர் டென்னிஸ் ஜெர்ஸ் அதோடு கென்டக்கி குகைக்கே இறங்கி ஒப்பிட்டுப் பார்த்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் முப்பது வருடமாகக் கற்பனை என்று நினைத்திருந்த இடங்கள் பல அங்கே நிஜமாகவே இருந்தன. நுழைவாயிலின் இரும்புக் கம்பிக் கதவு உட்பட. அந்தக் குகையின் ஒரு பகுதியை கிரவுதர் தம் பெண்களுக்கு ஏறக்குறைய உள்ளது உள்ளபடியே கொடுத்திருந்தார்.