கூண்டில் அடைத்தவர் மீதே உணவின் கடமை



சில வாரங்களுக்கு முன், மஃரிபுக்குப் பிந்திய மக்தப் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற வேளையில், பத்து வயது மாணவன் ஒருவன் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தான். காரணம் வினவினேன். "ஹஜ்ரத், நான் வளர்க்கிற சுகர் கிளைடர் பின்னங்காலை இழுத்துக்கிட்டே நடக்குது. அது மௌத்தாயிட்டா எனக்குப் பாவமா?" என்று கேட்டான். அன்று அவனுக்கு அளித்த மறுமொழியை இறுதியில் கூறுகிறேன்.

பெருநாள் அன்பளிப்பாக அவனுடைய தந்தை பெங்களூரில் வாங்கி வந்த பிராணி அது. பழம் கொடுத்தால் போதும் என்று விற்றவர் சொன்னாராம். திராட்சை, வாழைப்பழம், பாலில் நனைத்த பிஸ்கட் என்று வீட்டார் அன்போடு ஊட்டியிருக்கிறார்கள். அந்த அன்பில் குறை காண முடியாது. குறைந்துபோனது அறிவுதான்.

சுகர் கிளைடர் ஆஸ்திரேலியா, நியூகினி ஆகிய பகுதிகளின் காடுகளுக்குரியது. கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் இனம். வளர்ந்த பின்னும் சுமார் 100 முதல் 150 கிராம் எடையே இருக்கும். பகலில் உறங்கி இரவில் இரைதேடும். யூகலிப்டஸ் மரத்தின் சாறு, அகேசியா மரத்தின் பிசின், பூந்தேன், மகரந்தம், பூச்சிகள் ஆகியவையே படைத்தவன் அதற்கு ஏற்படுத்திய ரிஸ்க். பட்டுப்புழு வளர்க்கும் நம் மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மல்பெரி இலையைத் தவிர வேறெதையும் புழுவின் முன் அவர் வைப்பதில்லை.

பழமும் இனிப்பும் மட்டுமே தின்னும் கிளைடருக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் போகிறது. அக்குறையை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே அச்சத்தை எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிகிறது, பின்னங்கால்கள் தளர்கின்றன, இறுதியில் முடங்கிவிடுகின்றன. உட்கொள்வது எலும்பை எவ்வாறு சிதைக்கும் என்பதைத் தருமபுரி மக்கள் அனுபவத்தால் அறிவார்கள். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த அதே நீர்தான் தீங்கு செய்தது. நாவுக்கு இனிக்கும் பழத்தின் நிலையும் இப்பிராணிக்கு அதுவே.

ஏற்கெனவே வளர்த்து வருவோர் கவனிக்க வேண்டியவை சில. இரவில் உணவளிக்க வேண்டும். தேன், அவித்த முட்டை, கால்சியம் மற்றும் வைட்டமின் தூள் சேர்த்த கலவை ஒரு பாதியாக இருக்கட்டும். மறுபாதியில் பெரும்பங்கு கால்சியம் தூவிய பூச்சிகளும் பிற புரத உணவும் இடம்பெறட்டும். பழமும் காய்கறியும் சிறிதளவே போதும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, தேநீர், காபி, மிட்டாய் ஆகியவற்றை அண்டவிடலாகாது. கூட்டமாக வாழும் இனம் என்பதால் தனித்து அடைப்பதும் அதற்குத் துன்பமே. கால் தளர்ந்த பிராணியைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது கடமை. கலவையின் அளவையும் அவரே கூற வேண்டும்.

"பூச்சி நமக்கு ஆகாத உணவு, அதை வீட்டில் எப்படி வைப்பது?" என்று ஒரு சகோதரி கேட்டார். நாம் எதை உண்ணலாம் என்பது நமக்குரிய சட்டம். பிராணியின் உணவு அதன் படைப்போடு அமைந்தது. பூனை பிடித்துத் தின்னும் எலியைப் பற்றி நாம் இவ்வாறு கேட்பதில்லையே!

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்டதால் வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸைப் பிள்ளைகளும் அறிவார்கள். அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. அவள் உணவும் அளிக்கவில்லை. பூமியிலுள்ள பூச்சிகளைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. ஆக, அவள் முன் இரண்டு வழிகள் இருந்தன. உரிய உணவை அளிப்பது ஒன்று, விட்டுவிடுவது மற்றொன்று.

கடல் கடந்து வந்த இப்பிராணியின் விஷயத்தில் இரண்டாம் வழி அடைபட்டுவிட்டது. தொப்பூர் மலையிலோ பென்னாகரம் காட்டிலோ விட்டால் அங்கே அதன் இனம் இல்லை. அந்நிய உயிரை நம் காட்டில் விடுவது காட்டுக்கும் கேடு. எனவே எஞ்சியிருப்பது முதல் வழி மட்டுமே. பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிருக்கு ஒவ்வோர் இரவும் உரிய உணவைத் தேடித் தரும் பொறுப்பு அது. ஃபிக்ஹு நூல்கள் நஃபகா பாடத்தில் மனைவி மக்களோடு வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்தே பேசுகின்றன. இயலாதவர், பராமரிக்க வல்லவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே, இன்னும் வாங்காதவர்களுக்கு என் கருத்து இதுவே: வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் திணித்துக் கடத்தி வரப்படும் உயிரினங்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பறிமுதல் செய்யும் செய்திகளை அடிக்கடி வாசிக்கிறோம். நாம் கொடுக்கும் பணம் அத்தகைய வாணிபத்திற்குத் துணைபோகக் கூடாது. பிள்ளைகளுக்கு உயிர்களிடத்தில் இரக்கம் வளர வேண்டுமெனில், ஓர் ஆடோ கோழியோ போதும். மாடியில் சிட்டுக்குருவிக்கு வைக்கும் ஒரு கிண்ணம் நீரும் போதும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதற்கே மன்னிப்பு வழங்கிய இறைவன் அதையும் வீணாக்க மாட்டான்.

அந்த மாணவனிடம் நான் கூறியது இதுதான்: "உனக்குப் பாவம் இல்லை, கண்ணு. பருவமடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. வாங்கித் தந்த எங்களைப் போன்ற பெரியவர்களிடம்தான் கேள்வி கேட்கப்படும்." மறுநாளே அவன் தந்தை மருத்துவரிடம் சென்றார். உணவு மாற்றப்பட்டுவிட்டது. பிராணி இப்போது கம்பியைப் பற்றி ஏறுகிறது. ஒரு கால் மட்டும் இன்னும் இழுபடுகிறது.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரின் அமானத்தையும் நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.