ரத்னவேலுவுக்குப் பாட்டுப் போட்டது யாரு?

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நண்பர்கள் போன் பண்ணினால், மழை எப்படி, மரவள்ளிக் கிழங்கு என்ன விலை என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பாங்க. "ஊர்ப் பக்கம் பசங்க எப்படிங்க இருக்காங்க? சினிமாவும் செல்போனும் அங்கேயும் கெடுத்துடுச்சா?"

'ஆமாங்க' என்று சொன்னால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். எங்க ஊர்ப் பெரியவங்களும் அதைத்தான் சொல்வாங்க. எனக்கு அது பாதி உண்மை என்றுதான் படுகிறது. மீதிப் பாதியைச் சொல்ல ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' 2023 ஜூன் 29-ல் வெளிவந்தது. எங்க சேலம், நாமக்கல் பக்கத்துக் கதை. படத்தில் வரும் காசிபுரம் தனித்தொகுதி எந்த ஊர் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிஜ ராசிபுரமும் தனித்தொகுதிதான். 2011-ல் அங்கே ஜெயித்த ப.தனபால் அடுத்த வருஷம் சட்டமன்ற சபாநாயகர் ஆனார். படத்தில் வடிவேலு நடித்த மாமன்னனும் கடைசியில் சபாநாயகர் ஆகிறார். அப்பேர்ப்பட்ட எம்.எல்.ஏ., ஆதிக்க சாதிக் கட்சிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்பதுதான் படத்தின் சண்டையே. கூடாது என்று நிற்கிற ஆள் ரத்னவேலு. பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன். ஃபகத் பாசில் நடித்திருந்தார்.

ஜூலை கடைசியில் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. அடுத்த சில நாளில் பசங்க ரத்னவேலு வருகிற காட்சிகளை மட்டும் வெட்டி, பின்னணியில் அவங்கவங்க சாதிப் பாட்டை ஒட்டி ரீல்ஸ் போட ஆரம்பிச்சாங்க. இன்ன சாதி என்று இல்லை. ரத்னவேலு என்ன சாதி என்று படம் பேர் சொல்வதில்லை என்பதால் ஆளாளுக்கு 'இவன் எங்க ஆளு' என்றாங்க. சாதித் திமிரைக் காட்டுவதற்காக உருவாக்கின வில்லன், ஒரே வாரத்தில் சாதிப் பெருமைக்கு நாயகன் ஆகிவிட்டான்.

படத்தை முழுசாகப் பார்த்தால் ரத்னவேலு தேர்தலில் தோற்கிறான். அரை நிமிஷத் துண்டில் அவன் தோற்பதே இல்லை. வெள்ளைச் சட்டை, முறைப்பு, பாட்டு, அவ்வளவுதான். சினிமாவுக்கும் செல்போனுக்கும் உள்ள வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான். கொட்டகையில் உட்கார்ந்தவன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கதை முடிகிற வரை பார்த்தாகணும். கையில் இருக்கிற போனில் தனக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்கலாம்.

'வேண்டியது' என்ன என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? படம் சொல்லவில்லை. படம் சொன்னது அதற்கு நேர் எதிர். அப்படியென்றால் பசங்க அதை வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும்தான் கொண்டுவந்திருக்கணும். சினிமா கெடுத்துவிட்டது என்கிற பேச்சு எனக்கு இந்த இடத்தில்தான் இடிக்குது.

சினிமா எங்கிருந்தோ வந்து எங்களைக் கெடுத்தது என்று சேலத்துக்காரன் சொல்லவும் முடியாது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1935-லேயே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்தவர். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-லும், தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-லும் அந்த கம்பெனி எடுத்தவை. எங்க அப்பாரு காலத்திலிருந்தே இங்கே பசங்க நடிகரைப் பார்த்து முடி வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதனால் ஒரு உசிரும் போகவில்லை.

உசிர் போனது வேறு விஷயத்தில். 2015 ஜூன் 23-ம் தேதி, ஓமலூரைச் சேர்ந்த இன்ஜினியரிங் படித்த பையன் கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பட்டியல் சாதி, அந்தப் பெண் வேற சாதி. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். முக்கியக் குற்றவாளியின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பேருக்கு வேண்டிய விளம்பரம் அப்பவே கிடைத்துவிட்டது. தலைமறைவாக இருந்த மாசக்கணக்கில் அந்த ஆள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார், டி.வி.க்குப் பேட்டியும் கொடுத்தார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் கூடியது. போலீஸ் தேடுகிற ஆளை, குரலை மட்டும் கேட்டுக் கேட்டே ஒரு கூட்டம் தலைவன் ஆக்கிவிட்டது.

2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அந்த ஆளுக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கோயில் சிசிடிவியில் பதிவான காட்சி அந்த வழக்கில் முக்கியமான சாட்சி. அதே மாசக் கடைசியில்தான் 'மாமன்னன்' வந்தது. தீர்ப்பைப் பற்றி ஒரு ஸ்டேட்டஸும் போடாத பசங்க, ரத்னவேலுவுக்குப் பாட்டுப் போட்டாங்க.

எங்க ஊர்ச் சலூனில் பாக்ஸ் கட்டிங் வெட்டிக்கிட்டு வெளியே வருகிற பையனைப் பார்த்தால் திண்ணைப் பெரியவங்க காறித் துப்பாத குறையாகத் திட்டுவாங்க. அதே பையன் சாதிக்கொடி கலரில் கையில் கயிறு கட்டினாலோ, அருவாள் படம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாலோ ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. 'நம்ம பையன் துடியான பையன்' என்று சிரிப்பாங்க. பையன் எதைக் கத்துக்குவான்? பெரியவங்க சிரிச்சதைத்தான்.

2023 ஆகஸ்ட் 9-ம் தேதி ராத்திரி நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பசங்களே வீடு புகுந்து கூடப் படித்தவனை வெட்டினாங்க. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் கலர் கயிறு கட்டுவதைத் தடை செய்யணும் என்பதும் அதில் ஒரு பரிந்துரை. சரிதான், வரவேற்கிறேன். ஆனா வாத்தியார் கயிற்றை அறுத்துவிட்டால் சாயங்காலம் வீட்டில் புதுக் கயிறு கட்டிவிடுகிற சித்தப்பாவை என்ன செய்வது?

அந்தச் சித்தப்பா கிராமத்திலேயே இருக்கிறார் என்றும் நினைச்சுக்காதீங்க. பண்டிகைக்குச் சாதித் தலைவர் படத்தோட ஃபிளெக்ஸ் அடிக்க எங்க பக்கம் வருகிற பணத்தில் பாதி வெளியூரில் வேலை பார்க்கிறவங்க அனுப்புவது. பங்காளி குரூப்புக்கு அட்மின் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருப்பார். 'நம்மாளு கெத்து' என்று வீடியோவைத் தள்ளிவிட்டு, இயர்போனை மாட்டிக்கிட்டு மீட்டிங்குக்குப் போயிருவார். அவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. இங்கே வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது வயசுப் பையனுக்கு அது அன்னிக்கு முழுக்க ஓடும்.

அதனால போன் பண்ணிக் கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊர்ப் பசங்களைப் பற்றிக் கவலைப்படுங்க, வேண்டாம் என்று சொல்லலை. ஆனா அடுத்த தடவை ஒறம்பறை குரூப்பில் அந்த மாதிரித் துண்டு வந்தால் பார்க்காதது மாதிரித் தாண்டிப் போகாதீங்க. "கண்ணு, இந்தப் படத்தை முழுசாப் பாத்தியா? கடைசியில ரத்னவேலு என்ன ஆனான்?" என்று ஒரு வரி எழுதுங்க. சென்னையில் வேலை பார்க்கிற மாமன் கேட்டால் எங்க பசங்க காதில் விழும். நான் இங்கிருந்து கேட்டால், "போங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ங்கிறாங்க.